இருநூற்றுப் பதினான்காவது டிஸ்க்

"பன்னிரண்டு வோல்ட்ல ஓடறதா, வீட்டு கரண்ட்ல ஓடறதாம்மா?" என்று கடைக்காரப் பெண் இரண்டாவது முறை கேட்டபோதும் ஃபுசாகோ கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிகள் நிறுத்தும் இடத்தின் கடைசி வரிசையில் அவர்களுடைய கேம்பிங் வண்டி நின்றது. சின்ன லாரியின் முதுகில் ஒரு வெள்ளை அறையைத் தூக்கி வைத்தது போன்ற வண்டி. அந்த அறையின் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, அவள் கணவர் மசனோரி படுத்திருந்தார். பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தாள். கடை திறக்கக் காத்திருந்ததிலேயே நான்கு நிமிடம் போய்விட்டது.

"வண்டியில வச்சுப் படம் பார்க்கறதுக்கு," என்றாள்.

"அப்ப பன்னிரண்டு. ஓடற வண்டியிலயா, நிறுத்தி வச்சா?"

"நிறுத்தி."

"நல்லதாப் போச்சு. குலுக்கம் தாங்குமான்னு பார்க்க வேண்டியதில்ல." சட்டையில் நகுமோ என்று பெயர் குத்தியிருந்த அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். "டிவி இருக்கா? அதோட முதுகுல என்ன மாதிரி ஓட்டை?"

ஃபுசாகோ கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். வண்டியிலிருக்கும் டிவியின் பின்பக்கத்தை முந்தின நாளே பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். மூன்று வட்டங்கள். பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று எழுத்து. வாய்விட்டுச் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது அவள் பழக்கம்.

"அடடா, படமே போட்டுட்டீங்க! எங்க வீட்டு மனுஷன் இருக்காரே, நாலு தடவை கடைக்குப் போயி நாலு தப்பு வயர் வாங்கிட்டு வருவாரு. நான் இங்கதான் வேலை பார்க்கறேன், என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க மாட்டாரு." நகுமோ அலமாரியிலிருந்து மூன்று டிவிடி பிளேயர்களை இறக்கி வரிசையாக வைத்தாள். "இது மலிவு. ஆனா டிவியிலேருந்து பதிஞ்ச டிஸ்க்கைப் போட்டா முகத்தைத் திருப்பிக்கும். உங்களது எது? கடையில வாங்கினதா, பதிஞ்சதா?"

"பதிஞ்சது. எல்லாமே அவர் பதிஞ்சது."

"அப்ப இதைத் தொடாதீங்க. அந்தக் கடைசி ரொம்பப் பெருசு, வண்டியில இடத்தை அடைக்கும். நடுவுல இருக்கறது சரியா இருக்கும். பதிஞ்ச டிஸ்க்கைப் படிக்கும்னு இந்த மூலையில குறி போட்டிருக்கான் பாருங்க."

"உம்."

"டிஸ்க்கெல்லாம் முடிச்சு வச்சிருக்கீங்கல்ல?"

"உம்," என்றாள் ஃபுசாகோ.

அது ஆமாம் என்று சொன்ன உம் அல்ல. நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எதிரே நிற்பவருக்குக் காட்டுகிற உம். அந்த ஊரில் எல்லோரும் அப்படி உம் கொட்டுவார்கள். அவள் மற்றவர்களைவிட அதிகம் கொட்டுவாள். பேசுவதைவிட அது எளிது. டிஸ்க்கை முடித்து வைப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் பின்னால் ஒருவர் பல்பை வைத்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் தாண்டியிருந்தது.

"அப்பப் பிரச்சினையே இல்ல," என்று நகுமோ பெட்டியைப் பையில் போட்டாள்.

மருத்துவமனையில் ஒரு நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். நுரையீரலுக்கு இனி மருந்து இல்லை என்று ஆனபின், உங்களுக்கு என்ன ஆசை என்று ஒரு நர்ஸ் கேட்டாள். வண்டியில் கடலோரம் போய் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று மசனோரி யோசிக்காமல் சொன்னார். எந்தப் படம் என்றும் சொன்னார். ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து டிவியில் வருகிற படங்களை டிஸ்க்கில் பதிந்து, பொடி எழுத்தில் எண் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி வந்தார். அவர் கேட்டது அதில் இருநூற்றுப் பதினான்காவது. அந்தப் படத்தை மட்டும் அவர் பதிந்தாரே தவிர ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் பயணம் கிளம்பினால், பதிவு செய்யும் வீட்டு மெஷினையே குளியல் துண்டில் சுற்றி வண்டிக்குத் தூக்கி வருவார். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வண்டிக்கென்று சின்னதாக ஒன்று வாங்கினால் என்ன என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் சரிப்படாது," என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் வண்டி கரண்டை வீட்டு கரண்டாக மாற்றித் தரும் பெட்டி புகைந்துபோனது. அதன் பிறகு அவரும் படுக்கையில் விழுந்தார்.

அவள் வண்டிக்குள் ஏறியபோது மசனோரி தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். மறுமுனையில் அவருடைய தங்கை மிசாவோ. குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"வீட்ல மெத்தை தட்டிப் போட்டு வச்சிருக்கேன், ஜன்னல் துடைச்சு வச்சிருக்கேன். நீ என்னடான்னா ரோட்டுல கிடக்கப் போறேங்கற. உனக்குப் பைத்தியமாண்ணா?"

"போட்ட மெத்தையில நீயே படுத்துக்கோ. உனக்கும் இடுப்பு வலி இருக்கே."

"அண்ணிகிட்ட குடு."

ஃபுசாகோ வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க அந்த வண்டியை ஓட்ட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகல. பின்னால எடுக்கறேன்னு வேலியை இடிச்சது யாரு?"

"நான்தான்."

"போற இடத்துல ஏதாவது ஆச்சுன்னா? வீடு வாசல் இல்லாத ஆள் மாதிரி, வண்டி நிறுத்தற இடத்துல... நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"உம்."

"உம் கொட்டாதீங்க அண்ணி. வண்டியைத் திருப்புங்க."

"நாளைக்குக் காலையில வந்துடறோம்," என்று ஃபுசாகோ சொன்னாள். அவ்வளவு நீளமாக மிசாவோவிடம் மறுத்துப் பேசியது அதுவே முதல் தடவை. தொலைபேசியை வைத்துவிட்டு ஓட்டுகிற இருக்கைக்குப் போனாள்.

கடலோரச் சாலையில் நாற்பது நிமிடம். மூன்றாவது கியரைத் தாண்ட அவளுக்குப் பயம். ஐப்பசி முடிகிற நேரம். இடப்பக்கம் கடல் சாம்பல் நிறத்தில் புரண்டது, வலப்பக்கம் சோகாய் மலையின் உச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும், பின்னால் ஆக்சிஜன் சிலிண்டர் சுவரில் முட்டுகிறதா என்று காது கொடுத்தாள்.

"ஃபுசா, நம்மள ஒரு சைக்கிள் முந்திட்டுப் போகுது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"போகட்டும்."

"பள்ளிக்கூடப் பிள்ளை கூட இல்ல. கிழவி."

சாலையோர ஓய்விடத்தில், கடலைப் பார்த்த கடைசி இடத்தில் வண்டியை நிறுத்தினாள். ஒரே முயற்சியில் கோட்டுக்குள் நின்றது. அதைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒரு புள்ளி கூட்டினாள். அவசரமென்றால் கூப்பிட வேண்டிய மருத்துவர் உசுயியின் எண்ணைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள். வீடு வீடாக வந்து பார்க்கிற மருத்துவர். வேண்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டு ஒட்டியது.

"கொன்யாக்கு வாசனை வருது," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

ஓய்விடத்துக் கடை வாசலில், சோயாச் சாற்றில் வேகவைத்த கொன்யாக்குக் கிழங்கு மாவு உருண்டைகளைக் குச்சியில் குத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் போய் ஒன்று வாங்கி வந்தாள். அவரால் விழுங்க முடியாது. உருண்டையை உதட்டில் தேய்த்துவிட்டு, நாக்கால் தடவி, "கடுகு கம்மி," என்றார். மீதியை அவள் கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டே தின்றாள்.

பிறகு பெட்டியைப் பிரித்தாள். தாளில் வரைந்ததைப் பார்த்து மஞ்சளை மஞ்சளில், வெள்ளையை வெள்ளையில், சிவப்பைச் சிவப்பில் சொருகினாள். வண்டியில் சிகரெட் பற்றவைப்பதற்கான துளையில் மின்கம்பியின் முனையைச் செருகினாள். நீல விளக்கு எரிந்தது. எல்லாம் அவள் தனியாகச் செய்தது. முதுகுக்குத் தலையணை வைத்து அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, இருநூற்றுப் பதினான்கை உள்ளே தள்ளினாள்.

டிஸ்க் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது.

இந்த டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை, என்று திரையில் எழுத்து வந்தது.

வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டாள். அதே எழுத்து. இருநூற்றுப் பதின்மூன்றைப் போட்டாள். தொண்ணூற்றாறைப் போட்டாள். பெட்டியின் அடியிலிருந்து ஏழாம் எண்ணைப் போட்டாள். ஒவ்வொன்றையும் அந்த மெஷின் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே வாக்கியத்தைச் சொன்னது.

"என்ன சொல்லுது?" என்றார் மசனோரி.

"படிக்க முடியலையாம்."

அவர் பெட்டியில் அடுக்கியிருந்த டிஸ்க்குகளைப் பார்த்தார். பிறகு, "அட," என்றார். "நான் எதையுமே முடிச்சு வைக்கலையே, ஃபுசா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒவ்வொரு படமும் பதிந்து முடிந்ததும் வீட்டு மெஷின் ஒரு கேள்வி கேட்கும். இந்த டிஸ்க்கை முடித்து வைக்கலாமா? முடித்தபின் இதில் எதையும் சேர்க்க இயலாது. முடித்து வைத்தால்தான் வேறு மெஷின்களில் ஓடும். இல்லையென்றால் பதிந்த மெஷினில் மட்டும். இதை அவர் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"ஒவ்வொண்ணுலயும் ஏழு நிமிஷம், பத்து நிமிஷம்னு இடம் மிச்சம் இருந்துச்சு. மூடிட்டா வீணாப் போயிடுமே. ஏதாவது சின்னதா வந்தா போட்டுக்கலாம்னு வேண்டாம், வேண்டாம்னே அழுத்திட்டேன்."

"ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல."

அதனால்தான் அத்தனை வருடமும் அந்தக் கனமான மெஷினைத் துண்டில் சுற்றிச் சுமந்திருக்கிறார். முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவளும் கேட்டிருக்கலாம்.

"கடையில கேட்டாங்க," என்றாள் ஃபுசாகோ. "முடிச்சு வச்சிருக்கீங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"உம்னேன்."

மசனோரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவள் அவர் முதுகை நீவிவிட்டு, குழாயைச் சரிசெய்து, வாயைத் துடைத்தாள். துடைத்த துணியை அவர் பார்ப்பதற்குள் மடித்தாள். மூச்சு திரும்பியதும் அவர் கேட்டார். "நாற்பத்தஞ்சு வருஷமா என்கிட்ட உம் சொல்லியிருக்கியே. அதெல்லாம் எந்த உம்மு?"

"பாதி பாதி."

"அடிப்பாவி."

"வீட்டுக்குப் போயிடலாங்க. அந்த மெஷின்ல இது ஓடும். நாற்பது நிமிஷம்தான்."

"நீ ஓட்டினா ஒரு மணி நேரம்." அவர் ஜன்னலைப் பார்த்தார். அலை தடுப்புக் கற்களில் ஏறி இறங்கியது. "வீட்ல மிசாவோ இருப்பா. கதவைத் திறந்து திறந்து சூப்பு வேணுமா, சூப்பு வேணுமான்னு கேட்பா. இங்கயே இருக்கலாம்."

"படம்?"

அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் எழுந்து, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஓய்விடத்தின் கடைக்குள் போனாள். வெங்காயத்தாள் கட்டுகளுக்கும் ஊதா சாமந்திப்பூ மூட்டைகளுக்கும் அப்பால் மலிவு விலையில் கழித்துக்கட்டும் பொருள்களின் கூடை ஒன்று இருந்தது. அதில் பாட்டு டிஸ்க்குகள், உடற்பயிற்சி டிஸ்க், ரயில் பயணக் காட்சிகள் என்று ஒன்று. படம் ஒன்றுகூட இல்லை. வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல் ரயிலை எடுத்துக்கொண்டாள்.

அது ஓடியது. ரயிலின் முன் கண்ணாடி வழியாக எடுத்த காட்சி. தண்டவாளம், வயல், பாலம், மறுபடி தண்டவாளம். பேச்சில்லை, இசையில்லை. இருவரும் பார்த்தார்கள்.

"நமக்கு ரயில் ஓட்டக் கத்துத் தர்றானா?" என்றார் மசனோரி.

"அணைச்சிடவா?"

"ஓடட்டும். வாங்கினது வாங்கியாச்சு." ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. "ஃபுசா. அந்தப் படம். நாம கல்யாணத்துக்கு முன்னால துறைமுகத் தெருக் கொட்டகையில பார்த்தது. அன்னிக்கு நான் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தேன்."

"உம்."

"நான் பார்க்கல. தூங்கிட்டேன்."

"தெரியும்."

அவர் தலையைத் திருப்பினார். "தெரியுமா?"

"குறட்டை விட்டீங்க. முன்வரிசைக்காரர் ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தார்."

"வெளிய வந்ததும் நல்ல படம்னேனே. நீயும் ஆமான்ன."

"நல்ல படம்தான்."

அன்று அவர் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. சிறுநீர் முட்டியும் அவள் இரண்டு மணி நேரம் அசையவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

"எல்லார்கிட்டயும் அந்தப் படத்தைப் பத்திப் பேசியிருக்கேன்," என்றார் மசனோரி. "ஐஸ் கம்பெனியில, மிசாவோகிட்ட. முடிவு மட்டும் தெரியாது. டிவியில வந்தப்ப பதிஞ்சு வச்சேன். நீ பக்கத்துல இருக்கறப்ப முதல் தடவை பார்க்கற மாதிரி எப்படிப் பார்க்கறதுன்னு வெட்கம். தள்ளிப் போட்டுட்டே போயிட்டேன்." மூச்சு வாங்கினார். "நீ சொல்லு."

"எனக்குச் சொல்ல வராது."

"வர்றதைச் சொல்லு."

ஃபுசாகோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். திரையில் ரயில் ஒரு சின்ன நிலையத்தில் யாரும் ஏறாமல் இறங்காமல் கிளம்பியது.

"ஊருக்குப் பொதுவா ஒரு குளியல்கூடம்," என்றாள். "அதுல அடுப்புக்கு விறகு தள்றவன் ஒருத்தன். முகமெல்லாம் கரி. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

"உம்."

"தூரத்து ஊர்ல அவனுக்குப் பொண்ணு பேசி வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு கடிதம் போடுறா. தபால் கொண்டு வர்றவளும் ஒரு பொண்ணுதான். அவதான் அவனுக்குப் படிச்சுக் காட்டுறா."

"தபால்காரி அழகா இருப்பாளா?"

"உங்களுக்கு அதுதான் முக்கியம். மூக்கு கொஞ்சம் பெருசு."

"உன்னை மாதிரி."

"உம். முதல் கடிதத்தைச் சரியாப் படிக்கிறா. ரெண்டாவதுல ஒரு வார்த்தையை மாத்திடறா. உங்களைப் பார்க்க ஆசையா இருக்குன்னு எழுதியிருக்கு. உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு படிக்கிறா."

"ஏன்?"

"அவளுக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டா. அந்த மாதிரிப் பொண்ணு இல்ல."

"உம்," என்றார் அவர். கண் மூடியிருந்தது. வாயோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவது கடிதம், நான்காவது கடிதம். பெண்கள் பக்கத்தில் தண்ணீர் ஆறிவிட்டதென்று கிழவிகள் கூச்சல் போடுவது. மழை நாளில் தபால்காரி சைக்கிளோடு சேற்றில் விழுவது; அவன் ஓடிவந்து முதலில் சைக்கிளைத் தூக்குவது. அந்த இடத்தில் மசனோரி மூக்கால் சிரித்தார். இவ்வளவு நேரம் அவள் வாழ்நாளில் யாரிடமும் பேசியதில்லை. அவள் குரல் பக்கத்து வீட்டு ரேடியோபோல அவள் காதில் விழுந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நின்றாள். உம் வந்தது. அடுத்ததைச் சொன்னாள்.

"அப்புறம் கடைசிக் கடிதம் வருது. கனமா இருக்கு. அவ அதை ரெண்டு நாள் பையிலயே வச்சுட்டுச் சுத்தறா. மூணாம் நாள் அவனே கேட்டு வாங்கறான். வாங்கி, அவகிட்டயே நீட்டறான். இதைப் படின்னு."

திரையில் ரயில் நீண்ட சுரங்கம் ஒன்றுக்குள் நுழைந்தது. கறுத்த கண்ணாடியில் அவள் உருவமும் கட்டிலின் ஓரமும் தெரிந்தன.

அவள் காத்திருந்தாள்.

தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். எழுப்ப மனமில்லாமல் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சுரங்கம் முடிந்தது. வயல்கள் வந்தன, ஊர்கள் வந்தன, தண்டவாளங்கள் பலவாகப் பிரிந்து பெரிய நிலையம் ஒன்று வந்தது. ரயில் நின்றது. காட்சி முடிந்து டிஸ்க்கின் முதல் பட்டியல் மறுபடி திரைக்கு வந்த பிறகுதான் அவள் கையை நீட்டி அவர் கையைத் தொட்டாள்.

மூக்குக் குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தது. அந்தச் சீறல் மட்டும் வண்டிக்குள் கேட்டது. அவள் சிலிண்டரின் திருகை மூடினாள்.

மருத்துவர் உசுயி நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவதாகத் தொலைபேசியில் சொன்னார். அதுவரை எதையும் செய்ய வேண்டாம் என்றார். ஃபுசாகோ எதையும் செய்யவில்லை. வெளியே ஒரு குடும்பம் வெங்காயத்தாளைக் காருக்குள் திணித்துக்கொண்டிருந்தது. நாய் ஒன்றை ஒருவர் மூன்று முறை சுற்றி நடத்திப் போனார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மருத்துவர் அல்ல. பக்கத்து கேம்பிங் வண்டிக்காரப் பெண், சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, கையில் ஆரஞ்சு நிறத்தில் பழுத்த நான்கு சீமைப்பனிச்சம் பழங்களோடு நின்றாள்.

"பக்கத்துல இருக்கோம், சும்மா கும்பிடு போட்டுட்டுப் போலாம்னு. எங்க மரத்துப் பழங்க. கொட்டை இருக்காது. ராத்திரி இங்கதான் தங்கறீங்களா?"

"ரொம்ப நன்றிங்க," என்று சொல்லி ஃபுசாகோ கதவை உடம்பால் மறைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எங்க ஆளு ரொம்பச் சத்தமா டிவி வைப்பாரு. தொந்தரவா இருந்தா வந்து ஒரு அதட்டு போடுங்க, நான் சொன்னா கேட்க மாட்டாரு." அவள் உள்ளே எட்டிப் பார்க்காமல் தலையை மட்டும் சாய்த்தாள். "வீட்டுக்காரர் தூங்கறாரா?"

"உம்," என்றாள் ஃபுசாகோ.

"தூங்கட்டும், தூங்கட்டும்," என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு அந்தப் பெண் சரளைக்கல்லில் சத்தம் வராமல் நடந்து போனாள்.

மருத்துவர் உசுயி ஒரு நர்ஸோடு வந்தார். உயரமானவர், வண்டிக்குள் குனிந்தபடியே எல்லாம் செய்ய வேண்டியிருந்தது. கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார், கைகளைக் கூப்பினார்.

"கடைசியா எப்பப் பேசினார்?"

ஃபுசாகோ யோசித்தாள். கடிகாரத்தைப் பார்த்த நினைவு இல்லை. "தபால்காரி சைக்கிள்லேருந்து விழுந்ததுக்கு அப்புறம்," என்றாள். "கடைசிக் கடிதத்துக்கு முன்னால."

மருத்துவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தரையைப் பார்த்தாள். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மூணு மணி ஐம்பத்தாறு," என்று மெதுவாகச் சொல்லி எழுதினார்.

நர்ஸும் அவளுமாக அவர் முகத்தைத் துடைத்து, கழுத்துப் பட்டனைப் போட்டு, கட்டிலின் வார்களை மார்பின் குறுக்கே தளர்வாகக் கட்டினார்கள். சான்றிதழ் கையில் இருந்தால் சொந்த வண்டியிலேயே கொண்டுபோகலாம் என்றார் மருத்துவர். ஆனால் இப்படியான நேரத்தில் அவளே ஓட்ட வேண்டாம், ஆளுக்குச் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

"நான்தான் ஓட்டிட்டு வந்தேன்," என்றாள் ஃபுசாகோ.

மிசாவோவுக்குச் சொன்னபோது மறுமுனையில் அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "மெத்தையை வடக்கே தலை வச்சுப் போட்டுடறேன் அண்ணி," என்றாள். "மெதுவா வாங்க."

சூரியன் கடலுக்குள் இறங்கி அரைமணி ஆகியிருந்தது. கடலோரச் சாலையில் அவளுக்கு முன்னும் பின்னும் வண்டி இல்லை. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன. வளைவுகளில் பின்னாலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நான்காவது கியர் போட்டுப் பார்த்தாள். வண்டி கேட்டது.

பாதி தூரத்தில் சாலையின் ஒரு பக்கத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேலையாட்கள் போய்விட்டிருந்தார்கள். தற்காலிகச் சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் முக்காலியில் நின்று எரிந்தது. அதன் கீழே, இன்னும் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தொண்ணூறு. எண்பத்தொன்பது. எதிர்ப்பக்கத்தில் விளக்கு வெளிச்சம் எதுவும் வரவில்லை. ஃபுசாகோ பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றினாள்.

"அவ கடிதத்தைப் பிரிக்கிறா," என்றாள்.

கனைத்துக்கொண்டு, கட்டில் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"பிரிச்சு மனசுக்குள்ள ஒரு தரம் படிக்கிறா. இன்ன தேதி காலை வண்டியில உங்க ஊருக்கு வர்றேன், நிலையத்துக்கு வாங்கன்னு எழுதியிருக்கு. அவன் கரிக் கையைத் துடைச்சுக்கிட்டு நிக்கறான். அவ எதை வேணாலும் சொல்லலாம். வரலைன்னு சொல்லலாம், கல்யாணம் வேண்டாமாம்னு சொல்லலாம்."

நாற்பத்தேழு.

"அவ மாத்தலை. இருக்கறதை இருக்கற மாதிரியே படிச்சுட்டா. தேதி, வண்டி எத்தனை மணிக்குன்னு எல்லாம். படிச்சு முடிச்சு மடிச்சு அவன்கிட்ட குடுத்துட்டு சைக்கிளை எடுக்கப் போறா. அப்ப அவன் அடுப்பைப் பார்த்துக்கிட்டே சொல்றான். ரெண்டாவது கடிதத்துலேருந்தே எனக்குப் படிக்கத் தெரியும்ங்கறான். உனக்குத் தெரியாம எழுத்துக் கத்துக்கிட்டேன்ங்கறான்."

மூன்று. இரண்டு. ஒன்று.

பச்சை விழுந்தது. கதை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் கண்ணாடியில் பார்த்தாள்; பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. கியரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் மிச்சத்தைச் சொன்னாள். சொல்லி முடிவதற்குள் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. எண்கள் மறுபடி தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கின.